பூனைக்கு யார் ஊசி போடுவது?

பூனைக்குச் சர்க்கரை வியாதி என்று சொல்லிப் பாருங்கள். முதலில் சிரிப்பார்கள். அடுத்து, ‘மனுஷனுக்கே மருந்து வாங்கக் காசில்ல, இதுல பூனைக்கு இன்சுலினா?’ என்று கேட்பார்கள். மூன்றாவதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, நேராகச் செய்துவிடுகிறார்கள். ஒரு சாக்குப்பை, ஒரு டூ வீலர், ஊருக்கு வெளியே ஒரு மீன் மார்க்கெட் அல்லது கண்மாய்க்கரை. ‘எங்கயாவது பொழைச்சுக்கும்’ என்று கூடவே ஒரு சமாதானம்.

பிழைக்காது. சர்க்கரை ஏறிய பூனை தெருவில் தண்ணீர் தேடி அலைந்து, இளைத்து, வாந்தியெடுத்து, ஏதாவது ஒரு காருக்கு அடியில் போய்ப் படுத்துச் சாகும். நீங்கள் பார்க்கமாட்டீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்று நினைக்குமாம். இந்த விஷயத்தில் கண்ணை மூடிக்கொள்வது பூனை இல்லை.

அறிகுறிகள் ஒன்றும் புதிதல்ல. உங்கள் அப்பாவுக்கோ பெரியம்மாவுக்கோ வந்தபோது பார்த்தவைதான். தண்ணீர்ப் பக்கமே அதிகம் போகாத பிராணி, பாத்ரூம் பக்கெட்டில் தலையை விட்டுக் குடிக்க ஆரம்பிக்கும். அதற்குத் தகுந்தபடி மூத்திரம். மணல் தொட்டியில் போகிற பூனை என்றால் தொட்டி சகதியாகும், எறும்பு வரும். தட்டை வழித்து நக்கிவிட்டு இன்னும் கேட்கும், ஆனாலும் முதுகெலும்பு துருத்திக்கொண்டு வரும். சில பூனைகள் பின்னங்காலின் குதிகால் முழுக்கத் தரையில் பதிய, சறுக்கிச் சறுக்கி நடக்கும். சர்க்கரை நரம்பைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். ‘வயசாயிருச்சுல்ல’ என்று அதையும் ஒதுக்கிவிடுகிறோம்.

பிரிட்டனில் எடுத்த ஒரு கணக்குப்படி சுமார் 230 பூனைகளுக்கு ஒன்று என்று இந்த வியாதி இருக்கிறது. ஏழெட்டு வயதைத் தாண்டியவை, குண்டானவை, வீட்டை விட்டு இறங்காதவை, குடும்பக் கட்டுப்பாடு செய்யப்பட்ட ஆண் பூனைகள்... இவைதான் அதிகம் மாட்டுகின்றன. நம் ஊர்களிலும் பூனை ஓட்டுக்கூரையிலிருந்து சோபாவுக்கு இறங்கி வந்துவிட்டது. சோபாவில் இருப்பவர்களுக்கு வருகிற வியாதி அதற்கும் வருகிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கம் இந்தப் பேச்சை எடுக்க ஒரு காரணம் இருக்கிறது. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவாவின் ஊர் அது. அங்கே அன்பு என்றால் அது இனிப்பாகத்தான் வெளிப்படும். விருந்தாளிக்குக் கால் கிலோ பொட்டலம், பூனைக்கு விரல்நுனியில் ஒரு பொட்டு. ‘எங்க பூனைக்குப் பால்கோவான்னா உசுரு’ என்று பெருமையாகச் சொல்கிற வீடுகள் உண்டு.

உசுராக இருக்கலாம். ஆனால் அந்த இனிப்புக்காக அல்ல. 2005-ல் அமெரிக்காவின் மோனெல் மையத்து விஞ்ஞானிகள் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். இனிப்பை உணர்வதற்கு நாக்கில் இருக்கவேண்டிய உணர்வியை இரண்டு மரபணுக்கள் சேர்ந்து உருவாக்க வேண்டும். பூனைக்கு அதில் ஒன்று பழுது. இனிப்பு என்று ஒரு ருசி இருப்பதே அதற்குத் தெரியாது. புலியையும் சிவிங்கிப்புலியையும் சோதித்தார்கள். அவற்றுக்கும் அதே கதை. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது இல்லையா? அந்த மலைமேல் இருக்கிற புலிக்கும் சரி, கீழே ரத வீதித் திண்ணையில் படுத்திருக்கிற அதன் சின்னத் தங்கைக்கும் சரி, பால்கோவா என்பது வெறும் கொழுப்பு. பாலின் கொழுப்பு வாசனைக்குத்தான் அது நக்குகிறது. சர்க்கரை நம் திருப்திக்காக அதன் வயிற்றுக்குள் போகிறது.

பால்கோவாதான் வியாதியைக் கொண்டுவந்தது என்று நான் சொல்வதாக யாரும் கடைக்காரர்களிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள். முக்கியக் குற்றவாளி பருமன். குண்டுப் பூனைக்கு இந்த வியாதி வரும் வாய்ப்பு, அளவான எடையுள்ள பூனையைப்போல நாலு மடங்குவரை இருக்கும் என்கிறார்கள். பூனையின் உடம்பு எலியும் குருவியும் தின்று வாழ்வதற்காக அமைந்தது. மாவுச்சத்தை வேகமாகச் சமாளிக்கும் நொதி அதன் கல்லீரலில் மிகக் குறைவு. அதற்குப் போய் மூணு வேளையும் பால்சோறு, தயிர்சோறு, பிஸ்கட். சரி, கடையில் விற்கிற உலர் தீனி போடுகிறேனே என்பீர்கள். பாக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பலவற்றில் சோளமும் அரிசியும்தான் முன்வரிசையில் நிற்கும்.

இதில் சைவ வீட்டுப் பூனைகள் பாடு தனி. ‘எங்காத்துப் பூனை கவிச்சியே தொடாது’ என்று சொல்பவர்களிடம் ஒன்று கேட்கவேண்டும். தொடாதா, இல்லை நீங்கள் கொடுத்ததே இல்லையா? டாரின் என்கிற சத்து பூனைக்கு மாமிசத்திலிருந்துதான் கிடைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் கண்ணும் இதயமும் கெடும். உங்கள் கொள்கை உங்களுக்கு. கொள்கை இல்லாத ஒரு பிராணியை அதில் உறுப்பினராகச் சேர்க்காதீர்கள். மார்கழியில் பாலும் நெய்யும் வேண்டாம் என்று நோன்பிருந்த பெண்களைப் பாடிய ஆண்டாளின் ஊர் அது. பூனைக்கும் அந்த நோன்பை வருஷம் பூராவும் வைத்துவிடலாம். பாலை நிறுத்துவதால் அதற்கு எந்த நஷ்டமும் இல்லை. வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் ஜீரணமே ஆவதில்லை.

ஆனால் நோன்பு என்றதும் ‘ரெண்டு நாள் பட்டினி போட்டா சர்க்கரை தானா இறங்கிடும்’ என்று கிளம்பிவிடாதீர்கள். குண்டுப் பூனையைப் பட்டினி போட்டால் உடம்புக் கொழுப்பு மொத்தமும் கல்லீரலில் போய் அடைத்துக்கொண்டு, சர்க்கரையை விடச் சீக்கிரம் கொன்றுவிடும். எடையை மாசக் கணக்கில், மெதுவாகத்தான் குறைக்கவேண்டும்.

* * *

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். பூனைக்கு இன்சுலினா?

இன்சுலின் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டு கேட்டால் நன்றாக இருக்கும். 1889-ல், அன்றைக்கு ஜெர்மனி வசமிருந்த ஸ்ட்ராஸ்பர்கில், மின்கோவ்ஸ்கியும் மேரிங்கும் ஒரு நாயின் கணையத்தை வெட்டியெடுத்தார்கள். அந்த நாய்க்குச் சர்க்கரை வியாதி வந்தது. வியாதிக்கும் கணையத்துக்கும் உள்ள சம்பந்தம் நமக்குத் தெரிந்தது அந்த நாயால். 1921-ல் டொரன்டோவில் பேண்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்துச் சோதித்ததும் நாய்கள் மேல்தான். எத்தனையோ நாய்கள் செத்தபிறகு, 1922 ஜனவரியில் லியோனார்ட் தாம்ஸன் என்கிற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி போட்டார்கள். மாட்டின் கணையத்திலிருந்து எடுத்த மருந்து அது. 1982-ல் பாக்டீரியாவை வைத்து மனித இன்சுலின் தயாரிக்க அமெரிக்காவில் அனுமதி கிடைக்கும்வரை, அறுபது வருஷம் மாடும் பன்றியும் கொடுத்த கணையத்தில்தான் உலகத்துச் சர்க்கரை நோயாளிகள் உயிர் பிழைத்தார்கள். உங்கள் தாத்தா போட்டுக்கொண்டிருந்தால் அதுவும் அதுதான்.

கடன் கொடுத்தவன் ஒரு கஷ்டத்துக்கு வாசலில் வந்து நின்றால் ‘உனக்கெல்லாம் எதுக்குய்யா பணம்?’ என்று கேட்பது மாதிரி இருக்கிறது இது. கடன் கொடுத்தது நாயும் மாடும்தானே, பூனை இல்லையே என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்ப வேண்டாம். மாட்டின் இன்சுலினுக்கும் பூனையின் இன்சுலினுக்கும் ஒரே ஒரு அமினோ அமிலம்தான் வித்தியாசம். பங்காளிகள்தான்.

‘ஏழைக் குழந்தைக்கே இன்சுலின் இல்லாத நாட்டில்...’ என்று ஆரம்பிக்கிறவர்களுக்கு: ஏழைக் குழந்தைக்கு இன்சுலின் கொடுப்பது அரசின் கடமை. கேட்டு வாங்கவேண்டிய உரிமை அது. தமிழ்நாட்டில் 2021-லிருந்து ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்று சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் வீட்டுக்கே மருந்து வருகிறது. வராத வீடு இருந்தால் சொல்லுங்கள், நானும் கூட வந்து கேட்கிறேன். ஆனால் நீங்கள் பூனைக்குச் செலவழிக்காமல் மிச்சம் பிடிக்கிற பணம் எந்தக் குழந்தைக்குப் போயிருக்கிறது? அது டிஷ் டிவிக்கும் பிரியாணிக்கும் போயிருக்கும். ஏழையின் பெயரை நம் கஞ்சத்தனத்துக்கு ஜாமீன் கையெழுத்தாக வைக்கக்கூடாது.

செலவும் நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. பூனைக்குத் தேவைப்படுவது துளி. ஆரம்பத்தில் பெரும்பாலும் வேளைக்கு ஒரு யூனிட், காலையும் மாலையும். உங்கள் மாமா ஒரு வேளைக்குப் போட்டுக்கொள்கிற அளவில் பூனைக்குப் பல நாள் ஓடிவிடும். சர்க்கரை பார்க்கிற மெஷின் அநேகமாக உங்கள் வீட்டு ஷோகேஸிலேயே இருக்கிறது. 2023-ல் வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல் என்றது. ஊசி, மெஷின், ஸ்ட்ரிப் எல்லாம் மளிகைச் சாமான் மாதிரி வாங்கப் பழகிய சமூகம் நாம்.

பிரச்னை பணத்தில் இல்லை. ‘ஊசின்னு ஆரம்பிச்சா அப்புறம் விடவே முடியாதுப்பா’ என்கிற வாக்கியத்தில் இருக்கிறது.

மனிதர்கள் விஷயத்திலேயே இந்த வாக்கியம் செய்திருக்கிற நாசத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். டாக்டர் இன்சுலின் என்றதும் அப்பா கோபித்துக்கொண்டு எழுந்து வந்துவிடுவார். வெந்தயம், ஆவாரம்பூ, பாகற்காய் ஜூஸ் என்று இரண்டு வருஷம் ஓடும். அப்புறம் காலில் ஒரு புண். இப்போது அதே வைத்தியத்தைப் பூனைக்கும் செய்ய ஆரம்பித்திருக்கிறோம். பாகற்காய்ச் சாற்றைப் பூனை வாயில் ஊற்ற முயன்றவர் யாரேனும் இருந்தால் முழங்கையைக் காட்டச் சொல்லுங்கள், கதை தெரியும். சிரிப்பதற்கில்லாத விஷயமும் உண்டு. சின்ன வெங்காயம், பூண்டு என்று கைவைத்தியம் போனால், அவை பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். விஷம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில்தான் பூனை நம்மை விட அதிர்ஷ்டசாலி. சீக்கிரம் ஊசியை ஆரம்பித்தால், விட்டுவிட முடியும். ஆமாம், தலைகீழ்.

காரணம் இதுதான். பூனைக்கு வருவது பெரும்பாலும் நம்முடைய இரண்டாம் வகை மாதிரியானது. கணையம் முழுக்கச் செத்துவிடவில்லை. ஆனால் ரத்தத்தில் ஏறி நிற்கும் சர்க்கரையே இன்சுலின் சுரக்கும் செல்களை மேலும் மேலும் முடக்குகிறது. வெளியிலிருந்து இன்சுலின் கொடுத்து, சாப்பாட்டில் மாவைக் குறைத்து, சர்க்கரையைச் சீக்கிரம் இறக்கிவிட்டால், அந்தச் செல்களுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கிறது. பல பூனைகளில் அவை திரும்ப வேலைக்கு வந்துவிடுகின்றன. ஊசி குறைந்து குறைந்து, நின்றுவிடுகிறது. தாமதித்தால் அவை நிரந்தரமாக ராஜினாமா செய்துவிடும்.

2009-ல் வெளியான ஓர் ஆய்வு. 55 பூனைகள். மாவுச்சத்து மிகக் குறைந்த உணவு, கிளார்ஜின் இன்சுலின். முக்கியமான விஷயம், சர்க்கரை பார்த்ததும் ஊசி போட்டதும் ஆஸ்பத்திரி இல்லை, வளர்ப்பவர்களே வீட்டில் செய்தார்கள். வியாதி தெரிந்த ஆறு மாதத்துக்குள் இந்த முறைக்கு வந்த பூனைகளில் 84 சதவீதம் இன்சுலின் தேவையில்லாத நிலைக்குத் திரும்பின. ஆறு மாதம் தாண்டி வந்தவற்றில் 35 சதவீதம்தான். சின்ன ஆய்வு, அக்கறையான மனிதர்கள், எல்லாப் பூனைக்கும் இதே உத்தரவாதம் கிடையாது. நின்ற வியாதி திரும்பவும் வரலாம். ஆனால் அந்த 84-க்கும் 35-க்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தை எதைப் போட்டு நிரப்புகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். வெந்தயம். ‘அடுத்த மாசம் பாக்கலாம்.’ ‘பூனைக்கு எவன் ஊசி போடறது?’

எவனா? நீங்கள்தான். உங்கள் வீட்டில் பத்தாவது படிக்கிற பெண் இருந்தால் உங்களை விட நன்றாகப் போடுவாள். ஊசி தலைமுடி கனம். பிடரியிலோ விலாப் பக்கத்திலோ தோலைக் கூடாரம் மாதிரி தூக்கிப் பிடித்து உள்ளே விடுவது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போட்டால் பல பூனைகள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. காதோரத்தில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், சர்க்கரை அளவு தெரிந்துவிடும். காதைக் கொஞ்சம் வெதுவெதுப்பான துணியால் ஒற்றிவிட்டுக் குத்தினால் ரத்தம் சுலபமாக வரும். மனிதர்களுக்கான மெஷின் பூனை ரத்தத்தில் பொதுவாகக் கொஞ்சம் குறைத்துக் காட்டும். எந்த மெஷினில் பார்த்தது என்று டாக்டரிடம் சொல்லிவிட்டால் அவர் கணக்குப் போட்டுக்கொள்வார்.

வீட்டில் பார்ப்பதுதான் உண்மையான அளவும்கூட. பூனை பயந்தால் சர்க்கரை ஏறும். கூடையில் போட்டு, பஸ்ஸில் வைத்து, மதுரைக்கு இரண்டு மணி நேரம் கொண்டுபோய், நாலு நாய் குரைக்கிற ஹாலில் உட்கார வைத்துவிட்டு எடுத்தால், வியாதியே இல்லாத பூனைக்குக்கூட 200, 300 என்று காட்டலாம். அதனால் ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு ‘சர்க்கரைதான்’ என்று யாராவது சொன்னால், மூத்திரத்திலும் சர்க்கரை இருக்கிறதா, ஃப்ரக்டோசமின் டெஸ்ட் எடுக்கலாமா என்று கேளுங்கள். அது முந்தைய இரண்டு மூன்று வாரத்து நிலவரத்தைச் சொல்லும். பயத்தால் மாறாது.

ஒரே ஒரு இடத்தில் கை நடுங்கவேண்டும். அது சிரிஞ்சில். நம் ஊரில் இரண்டு விதமான இன்சுலின் விற்கிறது. பாட்டிலில் வருவதில் பெரும்பாலானவை மில்லிக்கு 40 யூனிட். கிளார்ஜின், பேனா வகைகள் மில்லிக்கு 100 யூனிட். இரண்டுக்கும் சிரிஞ்ச் வேறு. 40-க்கானது சிவப்பு மூடி, 100-க்கானது ஆரஞ்சு மூடி. சிவப்பு மூடி சிரிஞ்சில் 100 யூனிட் மருந்தை ‘ஒரு கோடு’ எடுத்தால், உள்ளே போவது இரண்டரை யூனிட். மனிதனுக்கே ஆபத்தான தப்பு. நாலு கிலோ பூனைக்கு அது மரணம். மருந்துக்கடைப் பையன் ‘எல்லாம் ஒண்ணுதான்’ என்று எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். அட்டையைப் படியுங்கள். அப்பாவின் ஃப்ரிட்ஜ் மருந்தைப் பூனைக்குப் போடுவதும் கூடாது. எந்த இன்சுலின், எவ்வளவு என்பது பூனையைப் பார்த்த டாக்டர் சொல்லவேண்டியது.

பூனை சாப்பிடவில்லை, வாந்தியெடுக்கிறது என்றால் வழக்கமான ஊசியைப் போட்டுவிட்டு ஆபீஸுக்குக் கிளம்பாதீர்கள். டாக்டருக்குப் போன் செய்யுங்கள். ஊசி உள்ளே போனதா, முடியில் கொட்டியதா என்று சந்தேகம் வந்தால் இன்னொரு தடவை போடவே கூடாது. ஒரு வேளை சர்க்கரை கூடுதலாக இருப்பதால் பூனை சாகாது. இறங்கினால் சாகும். தள்ளாடினாலோ, கூப்பிட்டால் திரும்பாமல் வெறித்தாலோ, வெட்டி இழுத்தாலோ ஈறில் தேனைத் தடவிவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள். வாய்க்குள் ஊற்றாதீர்கள், புரையேறும். இனிப்பே தெரியாத பிராணிக்கு இனிப்பு உயிர்மருந்தாகும் ஒரே நேரம் அது. சோற்றை நிறுத்தி மீனும் கோழியும் என்று மாற்றும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். மாவு குறைந்தால் சர்க்கரை தானாக இறங்கும், பழைய அளவு ஊசி திடீரென்று அதிகமாகிவிடும். டாக்டருக்குச் சொல்லாமல் சாப்பாட்டை மாற்றக்கூடாது.

கத்திரி வெயிலில் கரண்ட் போனால் மருந்து என்னாவது என்று கேட்பீர்கள். கிராமத்தில் மனிதர்களின் இன்சுலினை ஈர மணலில் வைத்த மண்பானைக்குள் காப்பாற்றிய வீடுகள் எத்தனையோ. ஃப்ரீசரில் மட்டும் வைக்காதீர்கள். உறைந்த இன்சுலின் தண்ணீர்.

அமெரிக்காவில் 2022 கடைசியில் பூனைக்கென்று ஒரு மாத்திரைக்கும் 2023-ல் வாயில் கொடுக்கும் ஒரு திரவ மருந்துக்கும் அனுமதி கொடுத்திருக்கிறார்கள். ஊசிக்குப் பயப்படுகிறவர்கள் உடனே அதைத் தேடி ஓடாதீர்கள். ஏற்கெனவே இன்சுலின் போட்டுக்கொண்ட பூனைக்கு அவை ஆகாது. கீட்டோன் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம்.

* * *

வியாதி வந்தபின் செய்வதைச் சொன்னேன். வரவழைக்கிறவர்களையும் கொஞ்சம் கேட்டாக வேண்டும்.

பூனைக்கு அரிப்பு. வாயில் புண். மருந்துக்கடையிலோ, அவசரத்தில் இருக்கும் ஒரு கிளினிக்கிலோ ஒரே ஒரு ஊசி. மறுநாளே பூனை துள்ளி விளையாடும். ‘கைராசி டாக்டர்’ என்று பெயர் வேறு. நாலைந்து வாரம் உடம்பில் தங்கி வேலை செய்யும் ஸ்டீராய்டு அது. திரும்பத் திரும்பப் போட்டால் சில பூனைகளுக்குச் சர்க்கரை வியாதியை அதுவே கொண்டுவந்துவிடும். ஸ்டீராய்டு போடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. போட்டே ஆகவேண்டிய நோய்கள் உண்டு. போடுகிறவர் ‘இது ஸ்டீராய்டு, தண்ணி நிறைய குடிச்சா கூட்டிட்டு வாங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லவேண்டும். நாமும் சீட்டை வாங்கி வைக்கவேண்டும். என்ன ஊசி என்றே தெரியாமல் முந்நூறு ரூபாய் கொடுத்துவிட்டு வருவது நம் தேசிய வழக்கம். வலிக்கப் போவது நமக்கில்லையே.

அடுத்தது அரசு. தெக்கத்திப் பக்கம் அரசு கால்நடை மருத்துவமனையை மாட்டாஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். பெயரில் இருக்கிற மனோபாவம் உள்ளேயும் இருக்கிறது. பால் கறப்பது, உழுவது, கறியாவது. இவற்றில் ஏதாவது ஒன்றுக்காவது உதவினால்தான் கால்நடை. 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் வருகிற வண்டியும் முக்கியமாக ஆடுமாடுகளை மனதில் வைத்து வந்ததுதான். விவசாயியின் மாடு முக்கியம், அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் பக்கத்து வார்டிலேயே இன்னொரு கணக்கும் இருக்கிறது. ராஜபாளையம் நாய் என்றால் நமக்கு மார்பு விரிகிறது. 2005-ல் மத்திய அரசு அந்த நாய்க்குத் தபால்தலையே போட்டது. தபால்தலைக்கு நாய் வேண்டும், சுற்றுலா போர்டுக்குப் புலி வேண்டும், பெட்டியில் போட்டு விற்கப் பால்கோவா வேண்டும். வீட்டில் எலி பிடித்துக்கொண்டு சும்மா இருக்கிற பூனைக்கு ஒரு ஸ்ட்ரிப் வேண்டும் என்றால் மட்டும் ‘ஸ்டாக் இல்லை’.

திருநெல்வேலியில் 2012-லிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நல்ல விஷயம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர். வியாதியைக் கண்டுபிடிக்க, அளவை நிர்ணயிக்க ஒரு தடவை போய் வரலாம். ஒவ்வொரு வாரமும் போகமுடியாது, போகவும் வேண்டாம். அவர்கள் சொல்லிக் கொடுத்தால் மீதியை வீட்டில் செய்துகொள்ளலாம். ஆனால் நோயாளியின் வீட்டுக்காரருக்கு உட்கார வைத்து ஊசி போடச் சொல்லித் தருவது சிகிச்சையின் பாதி என்பது மனிதர்களின் ஆஸ்பத்திரியிலேயே இன்னும் பிடிபடவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் ‘என்னால முடியாது சார்’ என்று ஒருவர் சொன்னால் நான் அவரைத் திட்டமாட்டேன். இரண்டு வேளையும் வீட்டில் இருக்கமுடியாத வேலை இருக்கலாம். வீட்டில் ஏற்கெனவே ஒரு படுத்த படுக்கை இருக்கலாம். பூனை மற்ற வியாதிகளோடு மோசமான நிலையிலும் இருக்கலாம். அப்படியானால் டாக்டரிடம் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். ஊசியைப் பொறுப்பேற்கத் தயாராக வேறு யாராவது இருக்கிறார்களா என்று தேடுங்கள். எதுவுமே இல்லையென்றால், டாக்டர் கையால், வலியில்லாமல், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது முடித்துவிடுவது கண்மாய்க்கரைச் சாக்கை விட ஆயிரம் மடங்கு நேர்மையானது. ‘உசுரக் கொல்றது பாவம்’ என்று அதற்குத் தயங்குகிற அதே கை, சாக்கின் வாயைக் கட்டும்போது தயங்குவதில்லை. அந்தப் பாவக் கணக்கு எந்தப் புராணத்தில் இருக்கிறது என்று எனக்குச் சொல்லுங்கள்.

புராணத்தில் இல்லாவிட்டாலும் சட்டத்தில் இருக்கிறது. 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம், 11-வது பிரிவு. பசியிலும் தாகத்திலும் துன்பப்படும்படி ஒரு பிராணியைத் தகுந்த காரணமில்லாமல் கைவிடுவது குற்றம். முதல் தடவை என்றால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்வரை! 1960-ல் 10 ரூபாய்க்கு ஒரு மதிப்பு இருந்திருக்கும். இன்றைக்கு அது ஒன்றுமே இல்லை. சட்டம் பூனைக்குப் போட்ட விலை அவ்வளவுதான்.

அதே 10 ரூபாய்க்கு வேறொரு உபயோகமும் இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. உங்கள் ஊர் மாட்டாஸ்பத்திரியில் சர்க்கரை பார்க்கிற மெஷின் இருக்கிறதா, ஸ்ட்ரிப் கடைசியாக எப்போது வாங்கினார்கள், இன்சுலின் இருப்பில் உண்டா, போன வருஷம் எத்தனை நாய்க்கும் பூனைக்கும் ரத்தச் சர்க்கரை பார்த்தார்கள். நாலு கேள்வி, ஒரு பக்கம், ஒரு கையெழுத்து. ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும் இருக்கிற வாசகர்கள் அனுப்பினால், 30 நாளில் பதில் தரவேண்டும் என்பது விதி. வந்த பதிலை எனக்கும் ஒரு ஜெராக்ஸ் போட்டு அனுப்புங்கள்.